வார் அறுத்த பை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் போனில் சொல்வதுபோல "ம், இருக்கேன்" என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் லைன் போய்விடுகிறது, இல்லையென்றால் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க மனசு வராது என்று நம்பி எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. துணியைச் சுற்றிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆள் கூப்பிடவும் அலுப்பாக இருக்கிறது.

உங்கள் மீட்புக் குழுவின் பைகள் எல்லாம் லாரியில் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தன. எது தீர்ந்திருக்கிறது, எது தொடாமல் கிடக்கிறது என்று பார்த்து அடுத்த பையை வடிவமைப்பதுதானே என் பிழைப்பு. எல்லாவற்றிலும் சேறு. கட்டுத்துணி காலி, கையுறை காலி. மடக்குக் கோடரியை மட்டும் ஒருவரும் உறையைவிட்டு எடுக்கவே இல்லை. எடுத்துவிடலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். "அவசரத்துக்கு இருக்கட்டுமேம்மா" என்றார். சுமப்பது அவர் முதுகில்லையே.

உங்கள் பையை ஜிப்பில் பாப்பா கட்டிவிட்ட நூலை வைத்துக் கண்டுபிடித்தேன். இரண்டு தோள்வார்களும் இல்லை. தையல்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "இது தானா அறுந்தது இல்லம்மா, யாரோ கத்தி வெச்சு அறுத்திருக்காங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வாருக்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

லாரி டிரைவரைக் கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் சொன்னார். இடிந்த வீட்டிலிருந்து ஒரு சிறுமியை எடுத்தீர்களாம். ஸ்ட்ரெச்சர் போக முடியாத சரிவு. வார்களை அறுத்து அவளை முதுகோடு கட்டிக்கொண்டு இறங்கினீர்களாம். "பாதி வழி வரைக்கும் சார்கிட்ட பேசிட்டே வந்துச்சும்மா. அப்புறம் பேச்சு இல்ல. சார் மட்டும் பேசிட்டேதான் வந்தாரு, கீழ வர்ற வரைக்கும்" என்றார். நம் பாப்பா உயரம்தான் இருப்பாள் என்றும் சொன்னார்.

லீவில் வீட்டுக்கு வரும் உங்கள் முறையை நீங்கள் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்ததும் டிரைவர் வாயிலிருந்துதான் வந்தது. என்னிடம் லீவு கிடைக்கவில்லை என்றீர்கள். போகட்டும்.

இப்போது வாரை மாற்றிவிட்டேன். கொக்கியைத் தட்டினால் கழன்றுவிடும். இரண்டையும் இணைத்தால் ஆளை முதுகில் கட்டிக்கொள்ளலாம், கத்தி வேண்டாம். சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் மேனேஜர். "அப்ப நீங்களே ஏறுங்க சார்" என்றேன். குடோன்காரர் அவரை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். இவரைத் தாங்கினால் யாரையும் தாங்கும் என்று பட்டறையே சிரித்தது. மேனேஜர் மட்டும் கண்ணை இறுக மூடி, குடோன்காரரின் சட்டைக் காலரைப் பிடித்தபடியே வந்தார். இறங்கியதும், கோடரியை எடுத்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் வாரைக் கழற்றினேன். அது உடம்புச் சூட்டோடு இருந்தது. சூடு ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

இன்னொன்று. பாப்பாவிடம் போனைக் கொடுக்கட்டுமா என்றால் ஒவ்வொரு தடவையும் "அப்புறம்" என்கிறீர்கள். நேற்றுக் கேட்டாள், "அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம்?" சிக்னல் கிடைப்பதில்லை என்றேன். "அப்ப உங்கிட்ட மட்டும் எப்படிப் பேசுறாரு?" என்றாள். அவளிடம் பொய் சொல்லித் தப்ப முடிவதில்லை. நீங்கள் ஏன் அவளோடு பேசுவதில்லை என்று எனக்குப் புரிகிறது. அவளுக்குப் புரிய வேண்டாம்.

புதுப் பைகளோடு லாரி திங்கட்கிழமை கிளம்புகிறது. இந்தக் கடிதம் டிரைவர் கையில்தான் வருகிறது. திரும்பும்போது அவர் பக்கத்து சீட் காலியாம், கேட்டு வைத்துவிட்டேன். வழியில் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். வந்து பேசாமல் படுத்துத் தூங்குங்கள். பாப்பா பக்கத்தில் வந்து படுத்தால் மட்டும் நகர்ந்து இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கோபித்துக்கொள்ளவும் தெம்பில்லாத
உங்கள் மனைவி