நாற்றம் நின்ற பிறகு

அன்புள்ள சேகர் அண்ணா,

நேற்று நம் பருத்திப்பட்டு வீட்டுக்கு ஒருவர் வந்தார். உன்னை ஆப்பிரிக்காவுக்கு வெல்டராக அனுப்பிய ஏஜென்ட் ஆபீஸ்காரர். நீ இறந்து இரண்டு மாதம் எட்டிப் பார்க்காதவர், கையில் ஆப்பிள் பையோடு வந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. நீ இருந்திருந்தால், "வர்றவங்களை எல்லாம் போலீஸ் மாதிரி பாக்காத கலா" என்று என் தலையில் தட்டியிருப்பாய்.

அண்ணியின் கையெழுத்துக்காக ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். யாரிடமும் சொல்லாமல் நீ பழைய ஒட்டகப் பாதையைப் பார்க்கப் போனாயாம். வெயிலில் மயங்கி விழுந்து நெஞ்சு நின்றுவிட்டதாம். உன் சாவுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று அண்ணி ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

அந்தப் பாதையைப் பற்றி நீ வாய் ஓயாமல் பேசியது உண்மைதான். உறைந்துபோன எரிமலைக் குழம்பின்மேல், உப்புக்கட்டி சுமந்த ஒட்டகங்கள் காலங்காலமாக நடந்து தேய்த்த தடம் என்று போட்டோ போட்டோவாக அனுப்பினாய். அதனால் எனக்கும் ஒரு கணம் தோன்றியது. போயிருப்பாயோ?

உன் வேலை இடத்தில் ஆழக் கிணறு தோண்டி, பூமிக்கடியில் கொதிக்கும் நீராவியில் கரண்ட் எடுக்கிறார்கள், கூடவே விஷவாயுவும் வரும் என்று நீதானே சொன்னாய். "அந்தக் கிணத்துல கேஸ் கசியலையா சார்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இன்னாமா நீ, கேஸ் இருந்தா அழுகுன முட்டை மாதிரி நாறும். காலைல நாறிச்சாம். அப்பால திடீர்னு நாத்தமே இல்லன்னு கூட வேலை செஞ்சவங்களே சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் இவரு வுழுந்தாரு."

யாருக்கும் தெரியாமல் ஒட்டகப் பாதையில் விழுந்தவனை, கூட வேலை செய்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? வீடியோ காலில் நீ சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. "நாறிச்சுன்னா பயமில்ல கலா. நாத்தம் பட்டுனு நின்னுச்சுன்னாதான் ஓடணும். கேஸ் ஏறிச்சுன்னா மூக்கு செத்துப்பூடும்."

அதை அவரிடம் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இதையும் அடியில எழுதிக் குடுங்க சார், அண்ணிக்கு மனசு ஆறும்" என்றேன். நாற்றம் நின்ற பிறகுதான் நீ விழுந்தாய் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். செல்லில் படம் எடுத்துக்கொண்டேன். அண்ணி பேனாவை மூடி வைத்துவிட்டு, "வக்கீலைப் பாத்துட்டு சொல்றோங்க" என்றார். வந்தவர் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. என்னிடம் அவ்வளவு சொன்ன நீ ஏன் ஓடவில்லை? உனக்கு முன்னால் யாராவது விழுந்தார்களா? தூக்கப் போனாயா? உன் கூட்டாளிகள் ஒருவரும் போனை எடுப்பதில்லை.

நீ வேலையில்தான் செத்தாய் என்று அவர்கள் எழுதும்வரை அண்ணி எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். யாருக்காக நீ நின்றாய் என்பதையும் நான் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

ஒரு கணம் உன்னையும் சந்தேகப்பட்டுவிட்ட உன் தங்கச்சி,
கலா