ஐந்தாவது பட்டன்

என் டிவிடி வாத்தியாரம்மாவுக்கு,

நீ போனில் தலையில் அடித்துக்கொண்டு சொல்லித்தந்தது வீண்போகவில்லை, மகளே. டிவிடி மெனுவில் பட்டனை வரைந்தால் போதாது, அதை வீடியோவோடு இணைக்கவும் வேண்டும் என்பது ஒருவழியாக என் மண்டையில் ஏறிவிட்டது. இப்போது டிவியில் மெனு வருகிறது. தண்ணீர், ஃபேன், தலையணை, வலி என்று நான்கு பட்டன்கள். அம்மா இடது கையால் ரிமோட்டை அழுத்தினால், நம் பழைய வீடியோக்களிலிருந்து வெட்டியெடுத்த அவள் குரலே கேட்கிறது: "கொஞ்சம் தண்ணி குடுங்க." பக்கவாதத்தில் பேச்சிழந்து அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இந்த வீடு கேட்காத குரல். அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். அதைப் பற்றி வேறொன்றும் எழுதப்போவதில்லை.

ஃபேன் பட்டனில் மட்டும் தப்பான துண்டை இணைத்துவிட்டேன். அவள் அழுத்தியதும், "ஒரு வேலையாவது உருப்படியா வருதா உங்களுக்கு? தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்!" என்று டிவி கத்தியது. உன் பிறந்தநாளில் நான் பலூன் கட்டிய லட்சணத்துக்கு விழுந்த திட்டு அது.

அம்மா சிரித்தாள். உதடு ஒரு பக்கம்தான் அசைந்தது. கண் இரண்டும் சிரித்தன.

மறுநாள் திருத்தி, புது டிவிடி போட்டேன். ஃபேன் பட்டனை அழுத்தினாள், ஃபேனைப் போட்டேன். திரும்பத் திரும்ப அழுத்தினாள். கடைசியில் ரிமோட்டை வீசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐந்தாவதாக ஒரு பட்டன் வைத்துவிட்டேன். அதற்குப் பெயர் போடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்று காலை நான் காபியைச் சிந்தவில்லை, மாத்திரையை மறக்கவில்லை. சும்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அதை அழுத்தினாள்.

நீ நல்லா இருக்கணும், கண்ணு.

மறுபடியும் திட்டு வாங்கும்
உன் அப்பா