கொய்யாமரத்து வீட்டுக்கு ஒரு சாட்சி

வண்ணார்பேட்டை,
1912 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை.

கொழும்பில் கம்பெனிக் குமாஸ்தாவாக இருக்கும் அன்புத் தம்பி ஜெபசீலனுக்கு, உன் கூடப்பிறந்த அக்காள் சாலோமி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். வண்டி மாடு முன்னங்கால் நொண்டுகிறது. அதுக்குத் துணையாக அத்தானும் நொண்டுகிறார். அங்கே நீயும், உன் வீட்டுக்காரி கெசியாவும், அவள் வயிற்றில் இருக்கிற என் மருமகப்பிள்ளையும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

மேலே கூடப்பிறந்த என்ற வார்த்தையை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன் பார். மறந்துபோயிருந்தால் இன்னொரு தரம் படி.

உத்தியோகம் மாறி ஊருக்கே வருகிறேன் என்று நீ கேட்ட வீடு அமைந்துவிட்டது. பழைய தெருவா இருக்கணும், மர நிழல் இருக்கணும், கிணத்துத் தண்ணி இனிக்கணும், நீ சர்க்கார் கச்சேரி உத்தியோகத்துக்குப் போன பிறகு கெசியா தனியே இருந்தாலும் பயமில்லாத அக்கம்பக்கம் வேணும், தெரு பார்க்கவும் லட்சணமா இருக்கணும் என்று எழுதியிருந்தாய். ஏலே, பொண்ணு பார்க்கும்போதுகூட நீ இத்தனை கேட்டிருக்க மாட்டாய்.

நானும் அத்தானும் பத்து நாள் அலைந்தோம். டவுனில் தேரோடுகிற தெருக்களில் வீடு அழகுதான், ஆனால் திருவிழா வந்தால் உன் வாசலில் நீயே நுழைய முடியாது. நம்ம வண்ணார்பேட்டையில் ஒன்று இருந்தது. ஆத்துப் பாலத்தில் போகிற வண்டிகளெல்லாம் கிளப்பிவிடுகிற புழுதி நேரே சோத்துச் சட்டியில் வந்து விழும். கடைசியில் பாளையங்கோட்டையில் நான் நெல்லுக் குத்தப் போகிற பழைய மிஷன் தெருவிலேயே பார்த்தேன்.

அந்தத் தெருவில் இருபத்தாறு வருஷமாக உலக்கை போடுகிறேன். ஒரு வீட்டுக்கும் முன்வாசல் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, புறவாசல் எல்லாம் தெரியும். ஒரு தெரு நல்ல தெருவா என்று முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு என்னலே தெரியும். எந்த வீட்டில் சாக்கடை தேங்குது, எவன் பொண்டாட்டியை அடிக்கிறான், யார் வீட்டில் நெருப்பு கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள், எல்லாம் புறவாசலுக்குத்தான் தெரியும். குத்தி முடித்ததும் தவிட்டையும் குருணையையும் குத்துகிறவளுக்கே விட்டுவிடுகிற வீடுகள் அந்தத் தெருவில் ஒன்பது. அதைவிட உனக்கு என்ன சர்டிபிகேட் வேணும்.

அதில் ஒன்று வாத்தியாரம்மா இன்பமணி வீடு. அவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன வீடு சொந்தம். ஓடு போட்டது, கொல்லையில் கொய்யாமரம், கிணற்றுக்குத் தனிக் கைப்பிடிச் சுவர், கெசியா குனிந்து இறைத்தாலும் பயமில்லை. ஆளுயரக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இரண்டு. என் தம்பிக்கு என்று கேட்டேன். உன் தம்பின்னா கேள்வி என்ன சாலோமி என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தத் தெருவில் முன்வாசல் வழியாக உள்ளே போனேன். படி தடுக்கி விழப் பார்த்தேன், வாத்தியாரம்மா பிடித்துக்கொண்டார்கள்.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக் குடும்பம் வருகிறதென்றால் ஞாயிறு ஆராதனை முடிவில் பாதிரி ஐயர் பேரை வாசிப்பார். அவர்களை அறிந்தவர் ஒருவர் சபையில் எழுந்து நின்று, இவர் எனக்கு இன்னார், இவருக்கு நான் சாட்சி என்று சொல்லணும். அதற்குப் பிறகுதான் சாவி. அதனால்தான் அங்கே வம்புக்காரன் எவனும் குடியேறினதில்லை, பொம்பிளைகள் கதவைத் திறந்துபோட்டுக் கோவிலுக்குப் போகிறார்கள். உன் பேரை வாசிக்க செப்டம்பர் முதல் தேதி ஞாயிறு குறித்தாயிற்று. சாட்சி நான். அதுக்கென்று சேலைகூட ஒன்று வெளுக்கப் போட்டேன்.

இனிமேல்தான் விஷயம்.

வாத்தியாரம்மா விலாசத்தை உனக்கு அனுப்பினேன் அல்லவா. உன் மாமனார் மரியாதைக்காக அவர்களுக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை நான் நெல்லுக் குத்திக்கொண்டிருந்தபோது அது வந்தது. எனக்கு வேதபுத்தகத்து அச்செழுத்துத்தான் படிக்கவும் அதைப் பார்த்து எழுதவும் வரும், பிறத்தியார் கையெழுத்து படிக்க வராது என்று உனக்குத் தெரியும். முன்னெல்லாம் நீ எனக்காக அச்சடித்த மாதிரி எழுத்துக்கு எழுத்து பிரித்து எழுதுவாய். இப்போது கோத்துக் கோத்து எழுதுகிறாய், நானும் ஊரில் ஒவ்வொருத்தரிடமாகக் கொண்டுபோய் நீட்டுகிறேன். வாத்தியாரம்மா சந்தோஷமாக மூக்குக்கண்ணாடி போட்டு, கேளு சாலோமி, உன் சம்பந்தி எழுதியிருக்கார் என்று வாசித்தார்கள்.

மருமகனுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை என்று வந்தது. அதோடு அவர்கள் நிறுத்திவிட்டார்கள். வாசிங்க அம்மா என்றேன். சிறுவயதில் அவரை வளர்த்த வேலைக்காரி சாலோமி என்பவள் அங்கே இருக்கிறாள், கிறிஸ்மஸ்தோறும் முந்திரிக்கொத்து அனுப்புகிற விசுவாசமுள்ள கிழவி, என் மகளின் பேறுகாலத்துக்கு அவளை ஒத்தாசைக்கு வைத்துக்கொள்ளலாம், பின்னால் விறகுச் சாய்ப்பில் அவள் படுத்துக்கொள்ள இடம் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தது.

உன் மாமனார் மேல் எனக்குக் கோபமில்லை. முந்திரிக்கொத்தின் ருசி அறிந்த மனுஷன், வேலைக்காரியைக்கூட வெயில் மழையில் போடாமல் சாய்ப்பு கேட்டிருக்கிறார். நாற்பத்திரண்டு வயசில் என்னைக் கிழவி என்று எழுதினதுக்கு மட்டும் நேரில் வரும்போது ஒரு கணக்குத் தீர்க்கணும். கோபமெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் மேல்.

வாத்தியாரம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் சிரித்தேன், என் தம்பி சின்னதிலேயே வேடிக்கைக்காரன் என்றேன். பிறகு போய் உலக்கையை எடுத்தேன். அன்றைக்குக் குத்தின அரிசி பூராவும் நொறுங்கிக் குருணையாகப் போயிற்று. இருபத்தாறு வருஷத்தில் ஒரு வீட்டு அரிசியை நான் அப்படிப் பாழாக்கினதில்லை. அந்தம்மா அதை முறத்தில் அள்ளிப் பார்த்தார்கள். ராத்திரிக்குக் கஞ்சி வைக்கத்தான் நினைச்சிருந்தேன் என்றார்கள். அதுதான்லே நல்ல தெரு என்கிறது.

அம்மா போனபோது உனக்கு நாலு வயசு. உன்னை உரலுக்குப் பக்கத்தில் சாக்கில் போட்டுவிட்டுத்தான் குத்துவேன். உலக்கைச் சத்தம் நின்றால் முழித்து அழுவாய். அதுக்காகவே நெல்லு தீர்ந்த பிறகும் வெறும் உமியைக் குத்தியிருக்கிறேன். இதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், சொல்லித்தான் காட்டுகிறேன். உன் கல்யாணத்துக்கு நாங்கள் புறப்பட இருந்தபோது கடல் கொந்தளிக்கிறது, வரவேண்டாம் என்று எழுதினாயே. அது ஏப்ரல் மாசம். தூத்துக்குடிக்குப் பாரம் ஏற்றிப்போன அத்தான் விசாரித்துவிட்டு வந்து, கடல் குளம் மாதிரி கிடக்கு என்றார். அவர் பொய் சொல்லுகிறார் என்று நான் சண்டை போட்டேன். இரண்டு நாள் அந்த மனுஷனுக்குச் சோறு போடவில்லை. அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்.

இப்போது நான் என்ன செய்ய, நீயே சொல்லு. ஐயர் எல்லாருக்கும் முன்னால் இவர் உங்களுக்கு யார் என்று கேட்பார். வேலைக்காரி என்று சொன்னால் கோவிலில் பொய் சொன்னவள் ஆவேன், கேட்கிற சபையும் சிரிக்கும். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால் உனக்கு வீடு போச்சு, பிள்ளைத்தாய்ச்சி நடுத்தெருவில் நிற்பாள். ஆகையால் எழுந்திருக்கத்தான் போகிறேன். உள்ளதைத்தான் சொல்வேன். நீ அங்கே என்ன சொல்லியிருந்தாலும் இங்கே அது செல்லாது.

உன் மாமனாருக்கு என்ன பதில் எழுத என்று வாத்தியாரம்மா கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்க அம்மா, அவன் வாயாலேயே சொல்லட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. கெசியாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பைய சொல்லு. நெல்லுக் குத்துகிறவள் தம்பி என்று தெரிந்தால் அவள் உன்னை விட்டுவிடுவாள் என்று பயந்தாயோ. போன வருஷம் எனக்கு வந்த கடுதாசியில் கடைசியில் ஒரு வரி வேறே கையெழுத்தில் இருந்தது, முந்திரிக்கொத்துக்குப் பாகு எப்படிக் காய்ச்சுவது என்று. கேட்கத் தெரிந்த பிள்ளை அவள். உன்னைவிட நல்லவள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பேறுகாலத்துக்கு நான் வருவேன். நீ கூப்பிடாவிட்டாலும் வருவேன். ஆனால் சாய்ப்பில் படுக்கமாட்டேன், அங்கே விறகு படுத்திருக்கட்டும். கொல்லையில் கிடக்கிற பழைய உரலை அப்புறப்படுத்தவேண்டாம் என்று வாத்தியாரம்மாவிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை உன்னைப்போல் பிறந்தால் அதுவும் உலக்கைச் சத்தமில்லாமல் தூங்காது.

கடல் தாண்டி வருகிற உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் கைப்பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இதுக்குப் பதிலை எழுத்துக்கு எழுத்து பிரித்து எழுது, இந்த ஒன்றை நான் யாரிடமும் கொண்டுபோய் நீட்டமாட்டேன். வந்து இறங்குகிற அன்றைக்கு, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, கொய்யாமரத்து வீட்டு முன்வாசலில் நின்றுகொண்டிருப்பேன். வண்டியை விட்டு இறங்கினதும் கெசியாவிடம் நான் யார் என்று நீ சொல்லணும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
சாலோமி அப்பாத்துரை