பின்கட்டில் கேட்ட வரலாறு

21 பிப்., 1999 – ஞாயிறு

வெயில் இப்போதே சித்திரை மாதிரி. மிளகாய் காயப் போட்டாயிற்று. கவிதா விடியலிலேயே எழுந்து, பின்கட்டில் நடந்து நடந்து வரலாறு. நல்ல சத்தம். முன்னால் எங்கள் உரக்கடை வரைக்கும் கேட்கும்.

கடைக்கு வந்த ஒருவர் இவரிடம், "பிள்ளை படிக்கிறது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கு அண்ணாச்சி. கலெக்டர் ஆகாம விடமாட்டா போல." இவருக்கு முகமெல்லாம் பல்.

எனக்கும் அந்தச் சத்தம் கேட்டால்தான் அடுப்படியில் கை ஓடும்.  தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூட எட்டிப் பார்க்கிறேன்.

அரையாண்டு விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சமூக அறிவியலில் (ச.அ.) மட்டும் ஃபெயில். பெரிய கேள்விகளுக்கு எண் போட்டு, தலைப்பு எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. அதற்குக் கீழே வெள்ளை. எல்லாம் அவள் கைடைப் பார்த்து வாய் ஓயாமல் ஒப்பித்தவை. "முத வார்த்தை வரலம்மா. அது வந்தா மத்ததெல்லாம் வந்துரும்." அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னாள்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலும் வராவிட்டால்?

24 பிப். – புதன்

மதினி வந்திருந்தார்கள், கழுகுமலையிலிருந்து. இவருடைய அக்கா. பை நிறையக் கொடுக்காப்புளி. காபி குடித்துவிட்டு நேராக விஷயம்.

"பாஸானா பிள்ளை மேல படிக்கட்டும், யாரு வேண்டாம்னா? ஃபெயிலாயிட்டுன்னா வீட்டுல வச்சு என்ன செய்யப் போறீங்க? வைகாசில நம்ம முருகனுக்கே முடிச்சிருவோம்."

முருகன் மதினியின் மூத்த பையன். மீசை நரைக்கவில்லை, அவ்வளவுதான். கவிதாவுக்குப் பதினைந்து. இவர் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பின்கட்டில் கவிதாவின் சத்தம் இன்னும் கூடியது. காதில் விழுந்திருக்கும்.

"சத்தம் ஊரைக் கூட்டுது. மார்க்குதான் வீடு வந்து சேரல" – மதினி.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

அவர்கள் போனபிறகு இவரிடம், "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"பாஸாகட்டும், சொல்லுதேன். ஃபெயிலான பிள்ளைய வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட அக்காகிட்டப் பேச?"

27 பிப். – சனி

கத்தரிக்காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து புவியியல் ஒப்பித்தாள். "கருப்பு மண் ஈரத்தை நீண்ட காலம் தக்கவைத்துக்கொள்ளும். கோடையில் வெடிப்புவிடும். பருத்தி விளைய ஏற்றது." மூச்சு விடவில்லை.

சும்மாதான் கேட்டேன். "கருப்பு மண்ணு எங்கட்டி இருக்கு?"

"தக்காணப் பீடபூமி. மகாராஷ்டிரா, குஜராத்."

"இங்கன இல்லையா?"

"இங்கன இருக்கது கரிசல்லாம்மா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கையைப் பிடித்துப் பின்னால் இருக்கும் காலி மனைக்குக் கூட்டிப்போனேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. போன வாரம் ஒரு வெள்ளாட்டுக்குட்டி அதில் கால் மாட்டிக் கத்தியது, இவள்தான் எடுத்துவிட்டாள். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எம்மா! சின்னதுல பாண்டி ஆடுத கல்ல உள்ள போட்டுத் தொலைச்சேனே, அந்தப் பொத்தலா வெடிப்பு?"

அவளுக்கு ஒரே சிரிப்பு.  இத்தனை மாதமாக நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்ன? வெறும் சத்தம். படிப்பு உள்ளே போகவே இல்லை. தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

1 மார்ச் – திங்கள்

தூக்கம் இல்லை. ஒரு பழைய நினைவு.

பி.ஏ. வரலாறு கடைசி வருடம். எட்டயபுரத்தில் அம்மா வீடு. கவிதா கைக்குழந்தை, மடியில். வாய்விட்டுப் படித்தால் விழித்துக்கொள்வாள். அதனால் ஒரு பக்கம் படிப்பேன், மூடுவேன், தட்டிக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். இது ஏன் நடந்தது, அடுத்து என்ன, யாருக்கு லாபம். வராத இடத்தை மட்டும் திறந்து பார்ப்பேன். நான் வாங்கியதிலேயே நல்ல மார்க் அந்த வருடம்தான்.

அது தெரிந்த நான்தான் இவளைக் கத்தவிட்டேன். காரணம் வேறென்ன, பயம். சத்தம் கேட்டால் பயம் அடங்குகிறது. என் பயம்.

4 மார்ச் – வியாழன்

கவிதாவிடம் பேசினேன். கைடை அலமாரியில் வைத்தாயிற்று. இனிமேல்:

– பாடப் புத்தகத்தை வாசி, மூடு, எனக்குக் கதை மாதிரி சொல். உன் வார்த்தையில்.
– நான் "ஏன்?" என்று மட்டும் கேட்பேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.
– ஒவ்வொரு பெரிய விடைக்கும் எலும்பு மட்டும். நாலைந்து வார்த்தை. சதையை எழுதும்போது வைத்துக்கொள்ளலாம்.
– மேப் – கோலமாவில், முற்றத்தில். (கோதாவரி போய் வாசல்படியில் முட்டியது.)
– இன்று படித்ததை இன்றே திருப்பாதே. இரண்டு நாள் மறக்கவிட்டுக் கேட்பேன்.

கடைசியைச் சொல்லும்போது எனக்கே திக்கென்றது. மறக்கவிடுவதா? மறந்தே போய்விட்டால்?

பால் பாக்கி. மாவு அரைக்க வேண்டும்.

9 மார்ச் – செவ்வாய்

வீடு அமைதி. தாங்கமுடியவில்லை. இரண்டு தடவை போய் எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. படிக்கிறாளா, கனவு காண்கிறாளா?

கடையில் யாரோ, "என்ன அண்ணாச்சி, ரேடியோ ரிப்பேரா? சத்தத்தையே காணும்."

இவர் சாப்பிட வந்ததும் சத்தம். "பரிட்சை வருது, பிள்ளை சும்மா உக்காந்திருக்கா. நீ பாத்துக்கிட்டு இருக்கே?"

"சும்மா இல்ல. யோசிக்கா."

"யோசிக்கதுக்கா கைடு வாங்கிக் கொடுத்தேன்? வாய்விட்டுப் படிக்கச் சொல்லு."

"எல்லாம் நல்லதுக்குத்தான் செய்யுதேன், விடுங்க."

தைரியமாகச் சொல்லிவிட்டேன். அடுப்படிக்கு வந்ததும் மூன்றாவது தடவையாகப் பின்கட்டை எட்டிப் பார்த்தேன்.

18 மார்ச் – வியாழன்

பள்ளியில் திருப்புதல் தேர்வுத் தாள் கொடுத்தார்கள். ச.அ.வில் மயிரிழையில் தப்பித்திருக்கிறாள். முதல் உலகப் போர் காரணங்களைச் சொந்த நடையில் எழுதியிருக்கிறாள். பாதி மார்க் போய்விட்டது. ஓரத்தில் சிவப்பு மையில், "புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்."

போச்சு. நான்தான் கெடுத்தேன். ஒழுங்காகக் கத்திக்கொண்டிருந்த பிள்ளை. வைகாசி, பந்தல், மதினியின் சிரிப்பு, எல்லாம் கண்ணுக்கு முன்னால். அலமாரியைத் திறந்து கைடைக் கையில் எடுத்துவிட்டேன்.

கவிதா பார்த்துக்கொண்டே நின்றாள். "எம்மா, பாதி போயிட்டுதான். ஆனா வெள்ளையா எங்கயாவது விட்டிருக்கேனா, பாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் வெள்ளை இல்லை.

கைடை உள்ளே வைத்தேன். ஆண்டுகளையும் முக்கியமான சொற்களையும் மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே மனப்பாடம் பண்ணச் சொன்னேன். அவ்வளவு விட்டுக்கொடுத்தால் போதுமா? யாரிடம் கேட்பது?

27 மார்ச் – சனி

தமிழ் முடிந்தது. அடுத்து இங்கிலீஷ். ச.அ. கடைசி. கழுகுமலைக் கோயில் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன், மொட்டை – எனக்கு. இவரிடம் சொல்லவில்லை.

இவர் ராத்திரி சாப்பாட்டில் மெதுவாக, "அவ நேத்து கடைல வந்து உக்காந்தா. வெள்ளக்காரன் ஏன் நம்ம பருத்திய வாங்கித் துணியாத் திருப்பி வித்தான்னு சொன்னா. நல்லாத்தான் சொல்லுதா." மோரை ஊற்றிக்கொண்டே, "பரிட்சைல இப்படியெல்லாம் எழுதலாமா?"

அவருக்கும் பயம்தான் போலிருக்கிறது.

6 ஏப். – செவ்வாய்

நாளை ச.அ.

காலையிலிருந்து தலைவலி. சோற்றைக் குழைய விட்டேன். ரசத்தில் உப்பில்லை. கவிதா புத்தகத்தை மூடி வைத்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் தாங்காமல் கேட்டேவிட்டேன். "ஒண்ணும் படிக்கலையா?"

 "நீ படும்மா. நான் சத்தமாப் படிக்கேன்."

"எதுக்கு? உனக்குத்தான் அது வேண்டாமே."

"எனக்கு இல்ல. சத்தம் கேட்டாத்தான நீ கண்ண மூடுவே? அரையாண்டுக்கே அதுக்குத்தான் கத்துனேன்."

பாயை விரித்துப் போட்டாள். படுத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். கைடு இல்லை, புத்தகமும் இல்லை. "கரிசல் இருக்குல்லா, அது தண்ணிய லேசுல விடாது..." என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல. இடையிடையே நின்றாள். யோசித்தாள். பிறகு தொடர்ந்தாள். நின்ற இடங்களில் நான் கண்ணைத் திறக்கவில்லை.

எப்போது தூங்கினேன் தெரியவில்லை.

7 ஏப். – புதன்

இட்லி ஒன்றுதான் சாப்பிட்டாள். இவர் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கடையைத் திறந்தும் திறக்காமலும் வாசலில் நின்றார்.

மதியம் வந்தாள். விரலெல்லாம் மை. செருப்பைக் கழற்றும்போதே, "எம்மா, முத வார்த்தை மறந்துட்டு."

 இவர் கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"எந்தக் கேள்விக்கு?" – நான்.

"எல்லாப் பெரிய கேள்விக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எதுக்கு நடந்துச்சுன்னு தெரியும்லா? நடுவுலருந்து ஆரம்பிச்சு எழுதிட்டேன். ரெண்டு பேப்பர் கூட வாங்குனேன். சோறு இருக்கா?"