படியில் வழுக்கிய ஜனாதிபதி

அப்பா,

இன்று காலை சமையலறை அலமாரியைத் துடைத்தபோது அந்தத் தட்டு விரிப்பு கிடைத்தது. அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்களை வரிசையாக அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பு. யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் அம்மா வாங்கி வந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது. முகர்ந்தால் உங்கள் மருந்து வாடை.

நீங்கள் ஒருநாளும் அதன் மேல் தட்டு வைத்ததில்லை. "மூஞ்சி மேல சோத்துத் தட்டை வெக்கலாமா கண்ணு? நம்ம கட்சிக்காரங்க வேற இருக்கறாங்க" என்பீர்கள். தண்ணீர் டம்ளருக்கு மட்டும் விலக்கு. சிறுநீரகம் கெட்ட பிறகு உங்களுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அம்மா அந்த டம்ளரில் கோடு போட்டிருந்தாள். அது யார் முகத்தில் உட்காருகிறதோ, அவர் அன்றைய தேர்வில் தோற்றவர்.

போன இலையுதிர் காலம் முழுக்க நமக்கு அந்தத் தேர்வுதான் வேலை. நீங்கள் குடியுரிமை வாங்கி முதன்முதலாக ஓட்டுப் போட வேண்டிய வருடம். தேர்தல் செவ்வாய்க்கிழமை, உங்கள் டயாலிசிஸும் செவ்வாய்க்கிழமை. அதனால் ஓட்டுச்சீட்டைத் தபாலில் வரவழைத்திருந்தீர்கள். "இப்ப நிக்கறவரு வேண்டாம். ஆனா நான் கட்சி மாற மாட்டேன்" என்றீர்கள். போட்டியில் இல்லாதவர் பெயரையும் எழுத சீட்டில் ஒரு காலி இடம் இருந்தது. பழைய ரிபப்ளிகன் தலைவர்களில் யாரை இன்று அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் நன்றாக இருக்கும் என்று அப்போதுதான் அலச ஆரம்பித்தீர்கள்.

உங்கள் மனதில் முதலில் இருந்தவர், சினிமா நடிகராக இருந்து ஜனாதிபதியானவர். மாடி வீட்டு அங்கிள் விடவில்லை.

"நம்ம ஊர்லயும் நடிகர், இங்கயும் நடிகரா? வேற ஆளே கெடைக்கலையா சார்?"

"எனக்கு விசா கெடச்சது அவரு காலத்துல. நன்றி வேண்டாமா?"

"விசா குடுத்தது கவுன்ட்டர்ல இருந்த லேடி சார். அவங்க பேரை எழுதுங்க!"

அடிமை முறையை ஒழித்த தாடிக்காரரை நீங்கள் சேர்க்கவே இல்லை. "அவர எல்லாருமே சொல்லுவாங்க. அதுல நம்ம மூளைக்கு என்ன வேலை?" நெடுஞ்சாலைகள் போட்ட தளபதி இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார். கடைசியில் அவர் மேலும் டம்ளர் உட்கார்ந்தது. "ரோடெல்லாம் போட்டாச்சு. இனி டிராஃபிக்தான் குறையோணும். அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

ஒவ்வொரு நாளும் என்னிடமும் கேட்பீர்கள். நான் சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போவேன். நான் பள்ளியை விட்டு அப்போது ஆறு மாதம். அம்மா கையெழுத்திட்ட விண்ணப்பத்தில் காரணம் "தந்தையின் உடல்நலம்". கோயிலில் ஆன்ட்டிகள் என்னைப் பார்த்து, பொறுப்பான பொண்ணு என்றார்கள். நான் மறுக்கவில்லை.

சீட்டை அனுப்ப வேண்டிய கடைசி நாளும் வந்தது. தபால்காரர் இரண்டு மணிக்கு வருவார். நீங்கள் கவரைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"இன்னைக்கு நீ ஒரு ஆளைச் சொன்னாத்தான் இதை ஒட்டுவேன்."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். மணி ஒன்றரை ஆனது. உங்கள் முதல் ஓட்டு என்னால் வீணாகிவிடுமோ என்று பயமாகிவிட்டது. கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தேன்.

"இவரா? விமானப் படியில வழுக்கி விழுந்தவராச்சே! ஜனாதிபதி எலெக்‌ஷன்ல ஒரே தடவ நின்னு அதுலயும் தோத்தவரு!" இருமல் வரும்வரை சிரித்தீர்கள்.

"அவர் காலேஜ்ல பெரிய ஃபுட்பால் பிளேயர்ப்பா. அதை யாருமே சொல்றதில்ல. ஒரு தடவ வழுக்கிட்டார். அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. தப்புப் பண்ணிப் பதவியை விட்டுப் போன முந்தின ஜனாதிபதியை மன்னிச்சா ஓட்டுப் போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. இருந்தும் மன்னிச்சார். எவ்வளவு சிரிச்சாலும் மறுநாள் வேலைக்குப் போனார். இப்ப அந்த மாதிரி ஆள்தான் வேணும்."

நூலகத்திலிருந்து உங்களுக்காக எடுத்து வந்த புத்தகங்களை நானும் படித்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதும் அதுதான் முதல் தடவை.

உங்கள் சிரிப்பு நின்றது. டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டீர்கள்.

"உன்னப் பாத்து யாரு கண்ணு சிரிச்சா?"

சொன்னேன். வரலாற்று வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்க எழுந்து நின்றது, குரல் வராமல் வாயைத் திறந்தபடியே நின்றது, அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே இரண்டு பேர் அதே மாதிரி வாயைத் திறந்து காட்டியது. பள்ளியை விட்டது உங்களுக்காக இல்லை என்பதையும் சொன்னேன்.

நீங்கள் திட்டவில்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சீட்டில் எதையோ எழுதி, கவரை ஒட்டினீர்கள். "யார் பேருப்பா?" என்றேன். "ரகசிய ஓட்டு. ஓடு, தபால்காரர் வந்துட்டாரு." படியிறங்கி ஓடிப்போய் அவர் கையிலேயே கொடுத்தேன்.

அந்த வருடம் வாக்கு எண்ணிக்கை வாரக்கணக்கில் இழுத்தது. அது முடியும் முன் ஒரு சனிக்கிழமை உங்கள் இதயம் நின்றுவிட்டது. "யார் ஜெயிச்சதுன்னு தெரியாமலே போயிட்டாரே" என்று அங்கிள் வருத்தப்பட்டார். அது உங்களுக்குப் பெரிய குறையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மன்னிப்பு சரிதானா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. இன்னும் சில புத்தகங்கள் படித்துவிட்டேன். இன்று கேட்டால் வேறு முகத்தைக் காட்டுவேனோ என்னவோ. ஆனால் பாத்திரம் கழுவப் போகமாட்டேன்.

பெரியவர்களுக்கான பள்ளியில் சேர ஒரு படிவம் வாங்கி வந்திருக்கிறேன். மேசை ஈரமாக இருந்ததால் விரிப்பைப் போட்டு, அதன் மேல் வைத்து நிரப்பினேன். நாலாவது கேள்வி, படிப்பை நிறுத்தியதற்கான காரணம். இந்த முறை அங்கே உங்களை எழுதவில்லை.