மேரி அக்காவின் பெயரை வெட்டிவிட்டார்கள்

என் பிரியமான ராஜி அண்ணிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அழுது தீர்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. அதனால் இன்றே எழுதுகிறேன்.

போன வாரம் நகரத்துக்குள் ஒரு கலைக்கூடத்தில் உங்கள் நினைவாகக் கண்காட்சி திறந்தார்கள். உங்கள் ஆறு நோட்டுகளையும் நான்தான் கொடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. ஓவியம் படித்தவள் பெரும்பாக்கம் குடியிருப்பில் போய் அடுப்பு மூட்டுகிறாளே என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள் அல்லவா? அவர்கள் வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மேரி அக்காவும் இன்னும் ஐந்து பேரும் என்னோடு பஸ்ஸில் வந்தார்கள். ஆற்றங்கரையில் இருந்த வீடுகள் இடிக்கப்பட்டு, நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விடப்பட்டவர்கள். பழைய இடத்தில் என்ன சமைத்தோம், மீன் எங்கே வாங்கினோம், எந்தச் சந்தில் யார் வீடு என்று அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். பிறகு அதையே எல்லோருமாகத் திறந்தவெளியில் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினீர்கள். குடியிருப்புச் சுவரில் அந்தச் சந்துகளை வரைந்தீர்கள். நோட்டில் ஒவ்வொரு சமையலுக்குக் கீழும் சமைத்தவரின் பெயர் இருக்கும்.

கண்காட்சியில் அந்தப் பக்கங்களைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். பெயர் இருந்த அடிப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். மேரி அக்காவின் புகைப்படத்துக்குக் கீழே “பெரும்பாக்கத்துப் பெண் ஒருவர்” என்று போட்டிருந்தது. மாட்டுக் குடலில் அவர் வைக்கும் போட்டிக் குழம்பை நீங்கள் எழுதிய பக்கமே அங்கே இல்லை.

பொறுப்பாளரிடம் கேட்டேன். “டிசைனுக்காகத்தான் மேடம். பேரெல்லாம் போட்டா ரொம்ப நெரிசலா தெரியுது. போட்டி எல்லாம், இங்க வர்றவங்களுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கும்” என்றார்.

மேரி அக்கா சத்தம் போடவில்லை. “வூடு இடிச்சப்போ லிஸ்ட்ல எம் பேரு இல்லன்னாங்க. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். இங்கயும் இல்லியா சார்?” என்று மட்டும் கேட்டார். அந்த ஆள் தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குத்துவிளக்கு ஏற்றியதும் குடும்பத்தின் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கி மேரி அக்காவிடம் கொடுத்தேன்.

“எம் பேரு மேரி. அந்த போட்டோல கீறது நான்தான். போட்டி கொயம்பு வெச்சதும் நான்தான். அதத்தான் இங்க காணோம்” என்றார். அடுத்து, கூட வந்த சரளா தன் பெயரைச் சொன்னார். மூன்றாவது ஆள் பேசும்போது மைக்கை அணைத்துவிட்டார்கள். மீதிப் பேர் மைக் இல்லாமலே சொன்னார்கள்.

மறுநாள் சின்னச் சீட்டுகளில் பெயர்களை ஒட்டிவிட்டதாகச் செய்தி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தேன். மேரியை மரியா என்று எழுதியிருக்கிறார்கள். நோட்டுகளைத் திருப்பிக் கேட்டால், கொடுத்தபோது ஒப்பந்தத்தில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டுகிறார்கள். படிக்காமல் போட்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு டீச்சர்.

உங்கள் மேலும் கோபம்தான் அண்ணி. உங்கள் பழைய பேட்டிகளை எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் “என் பெண்கள்” என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள், ஒரு பெயர்கூட இல்லை. நோட்டில் அத்தனை கவனமாக எழுதிய உங்களுக்கு அங்கே ஏன் வாய் வரவில்லை? இவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்களோ?

என்னையும் நான் விடவில்லை. நீங்கள் போட்டி கொண்டுவந்த பாத்திரத்தைச் சமையலறைக்குள் விடாமல் மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொன்னவள் நான். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம் அண்ணி.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். எத்தனை நாள் ஆனாலும் அந்த ஆறு நோட்டுகளையும் வாங்காமல் விடமாட்டேன். வாங்கினாலும் அவை நம் வீட்டு அலமாரிக்கு வராது, மேரி அக்காவின் கைக்குப் போகும். யாருக்குக் காட்டுவது, காட்டாமல் பூட்டி வைப்பது எல்லாம் அவர்கள் பாடு. என் அண்ணி எழுதியது என்று நான் ஒரு நாளும் உரிமை கேட்க மாட்டேன். நீங்களும் கேட்கக் கூடாது.

உங்களோடு சண்டை இன்னும் தீராத நாத்தனார்,
உமா
இரும்புலியூர்