ஆடியது விளக்குதான்

உன் வீட்டுக் கூடத்தில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்த டிம்மர் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. திருகும் குமிழின் ஒரு பக்கம் உன் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழுவழுத்திருக்கிறது. பாதி வெளிச்சத்துக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று நீ சிவப்புப் பேனாவால் வைத்த புள்ளி இன்னும் அழியவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. எழுபத்தாறு வயதில் இந்த உடம்புக்குள் இத்தனை கோபம் இருக்கும் என்று நினைத்ததில்லை. யார் யார்மேல் என்று வரிசைப்படுத்தி எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரிசை மாறிக்கொண்டே இருக்கிறது.

முப்பது வருஷம் ராயப்பேட்டை அச்சகத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பேன். நீ அச்சுப் படியில் பிழை பார்ப்பாய். நான் ஓரிடத்தில் மூச்சு விடத் தயங்கினால்கூட நிமிர்ந்து பார்ப்பாய். "சந்தேகமா? ஓரத்துல கேள்விக்குறி போடு. முழுங்காதே. நாம சும்மா இருந்தா சரின்னு அர்த்தம்." நான் போட்ட கேள்விக்குறிகளில் பாதி வீண். அதற்காக ஒருநாளும் என்னைக் கேலி செய்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் செய்தாய்.

ஓய்வுக்குப் பிறகும் தி. நகரில் உன் மகன் வீட்டுக்குப் பதிப்பகத்திலிருந்து புரூஃப் வந்துகொண்டுதான் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். பழையபடி நான் படிக்க, நீ பார்க்க. கண்புரை அறுவைக்குப் பின் முழு வெளிச்சம் உனக்குக் கூசியது. டிம்மரைப் பாதிக்குத் திருப்பி வைத்துக்கொள்வாய். கூடத்தில் நான்கு குண்டு பல்புகள் இருந்தவரை தொல்லை இல்லை. உன் மகன் அவற்றைக் கழற்றி எல்.இ.டி. மாட்டிய வாரம்தான் முதலில் சொன்னாய்: "எழுத்து நடுங்குதுடா."

கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் அவர். அது உனக்கு நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். "கண்ணுல இல்லேன்னா அப்ப வேற எங்கயோ," என்று உன் மருமகள் தாழ்ந்த குரலில் சொன்னது உன் காதிலும் விழுந்தது.

நீ பிடிவாதம் பிடித்ததால் ஒரு வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தார். குமிழை முழுக்கத் திருப்பி, அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார், லைட்டு சூப்பரா கீது. நைனாதான் கொஞ்சம் ஆடுறாரு!"

உன் மகன் சிரித்துவிட்டார்.

"ஃபுல்லா வச்சுட்டுப் பேசாதய்யா. பாதிக்குத் திருப்பு," என்றாய்.

திருப்பினார். "இப்பவும் நல்லாத்தான் கீது."

நீ என் பக்கம் திரும்பினாய். "டேய், நீ சொல்லு. ஆடுதா, இல்லையா?"

அவர்கள் எல்லோரும் பல்பைப் பார்த்தார்கள். நாம் இரண்டு பேர்தான் மேசைமேல் இருந்த புரூஃப் தாளைப் பார்த்தோம். வாளித் தண்ணீர் பஸ் போகும்போது சிலிர்க்குமே, அப்படி வரிகள் சிலிர்த்தன. நான் பார்த்தேன். ஆனால் எனக்கும் கண்புரை எடுத்திருந்தது. தொழில் தெரிந்தவரே ஆடவில்லை என்கிறார். உன் மகன் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார். "எனக்கு... சரியாத் தெரியலையே," என்றேன்.

நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். "சரி, விடு," என்றாய்.

அந்த வாரமே உன் மகன் பதிப்பகத்துக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு முன்ன மாதிரி முடியலை என்று சொல்லிவிட்டார். புரூஃப் நின்றது. ஞாபகத்துக்கு மாத்திரை வந்தது. பாண்டி பஜாருக்குத் தனியாகப் போகக்கூடாது என்றார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நாம் டி.வி. பார்த்தோம். முழு வெளிச்சத்தில், புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். விளக்கைப் பற்றி அதன்பின் நீ பேசவே இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாய்.

போன மாதம் என் படுக்கையறை பல்பு போயிற்று. எல்.இ.டி. வாங்கி மாட்டி, டிம்மரைக் குறைத்தேன். சுவரே சிலிர்த்தது. என் வழக்கப்படி நோட்டில் எழுதினேன். முழுக்க வைத்தால் இல்லை. பாதியில் உண்டு. ஃபேனை நிறுத்தினாலும் உண்டு. வேறு புது பல்பு மாட்டினாலும் உண்டு. பரணில் கிடந்த பழைய குண்டு பல்பு மாட்டினால் இல்லவே இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கோயில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார அம்மாள் நோட்டைப் பார்க்கக்கூட இல்லை.

"அது குண்டு பல்புக்குன்னு பண்ண டிம்மர் சார். எல்.இ.டி. இழுக்கற துளியூண்டு கரண்டு அதுக்குப் பத்தாது, அதான் விட்டு விட்டு எரியுது. எல்.இ.டி.க்கான டிம்மர் போடுங்க. பல்பும், டிம்மர்ல போடலாம்னு அட்டையில போட்டிருக்கறதா பார்த்து வாங்குங்க. கல்லு மாதிரி நிக்கும். எல்லார் வீட்லயும் இதே கதைதான்."

எல்லார் வீட்டிலும்! உன் வீட்டில் மட்டும் அது மூளைக் கோளாறு.

அப்படியே உன் மகன் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க, அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். கூடத்துச் சுவரில் புது ஸ்விட்ச் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்.

"அதுவா அங்கிள்? அப்பா போன அடுத்த மாசமே மாத்திட்டோம். வீடியோ கால்ல என் மூஞ்சி மேல கோடு கோடா ஓடுதுன்னு ஆஃபீஸ்ல சொன்னாங்க. பாத்தா டிம்மர்தான் ப்ராப்ளம்." பிறகு லேசாகச் சிரித்தார். "அப்பா சொன்னது கரெக்ட்தான் போல."

போல. முகத்தில் கோடு ஓடினால் மறுநாளே புது ஸ்விட்ச், உனக்கு மாத்திரை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். மனப்பாடம் செய்த எதுவும் வரவில்லை.

"போல இல்லப்பா. ஆடுச்சு. அன்னிக்கு நானும் பாத்தேன்."

அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர், குத்திக்காட்ட அல்ல, உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "அப்பவே சொல்லியிருக்கலாமே அங்கிள்?"

பழைய டிம்மர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். சமையலறை இழுப்பறையில், செத்த பேட்டரிகளுக்கு நடுவே இருந்தது.

எலக்ட்ரீஷியன்மேல் இருந்த கோபம் இதை எழுதும்போதே பாதி போய்விட்டது. உன் மகன்மேல் இருக்கிறது. என்மேல் இருப்பது எங்கும் போகாது. ஆனால் உன்மேலும் இருக்கிறதடா, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் தயக்கம் உனக்குத் தெரியாமல் போனதே இல்லை. அன்றும் தெரிந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று அந்த ஒரு நொடியில் உனக்குத் தெரியும். முழுங்காதே என்று எல்லோர் முன்னாலும் நீ கத்தியிருக்க வேண்டும். நான் கூனிக் குறுகி நின்றிருப்பேன். பிறகு உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த அவமானம் எனக்கு வேண்டாம் என்று நீ விட்டுக்கொடுத்தாய். முப்பது வருஷத்தில் நீ பார்க்காததுபோல் விட்ட ஒரே பிழை நான்தான்.

என் அறையில் புது டிம்மர் போட்டாயிற்று, விளக்கு ஆடாமல் எரிகிறது. உன் டிம்மரில் இணைக்க இனி ஒன்றும் இல்லை. இருந்தாலும் குமிழைச் சிவப்புப் புள்ளிவரை திருப்பி, அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஆடுதுடா. நல்லாவே ஆடுது.